உயிரோடிருந்தவருக்குப் பத்தாம் நாள்

என் அப்பா சாவதற்குப் பதினான்கு மாதம் முன்பே நான் அவருக்குப் பத்தாம் நாள் காரியம் செய்துவிட்டேன். இது என்னைத் தவிர ஐந்தாறு பேருக்குத்தான் தெரியும். இப்போது எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் என் மனைவி திருத்துவாள். விஷயத்தைத் திருத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

சொந்த ஊர் அரூர்ப் பக்கம். இருபத்திரண்டு வயதில் பூனா வந்தேன். பிம்ப்ரியில் வண்டி பிரேக்குக்கு உதிரி பாகம் செய்யும் சின்னக் கம்பெனி. எனக்கு டிரில்லிங் மெஷின். ஊரிலேயே குடிப்பேன். இங்கே வந்து அதிகமானது. காரணம் என்று ஒன்றும் இல்லை. குடியை விட்டவர்கள் கூடும் மீட்டிங்கில் சிலர் காரணம் சொல்வார்கள். நானும் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

பக்கத்து மெஷினில் ஒரு மராத்திக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரைத் தாதா என்று கூப்பிடுவேன். இங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் என்னை அண்ணா என்பார். தெற்கிலிருந்து வந்தவன் எவனாக இருந்தாலும் இவர்களுக்கு அண்ணாதான். அவர் மனைவி எனக்கு வஹினி. அண்ணி என்று அர்த்தம். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர்கள் வீடு. நாங்கள் பேசுவதெல்லாம் மராத்தியும் இந்தியும் கலந்துதான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

எட்டு வருடம் முன்பு ஒரு தடவை தொடர்ந்து மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. இனிமேல் சொல்லாமல் நின்றால் வேலை போய்விடும் என்று கம்பெனியில் ஏற்கெனவே என்னிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். நாலாம் நாள் காலை மார்க்கெட் பக்கம் ஒரு சலூனில் போய் உட்கார்ந்தேன். தாடி எடுக்கவா என்று கடைக்காரர் கேட்டார். மொட்டை என்றேன். மீசையும் எடுக்கச் சொன்னேன். அவர் கை நின்றது. அப்பாவா அம்மாவா என்று கேட்டார். அப்பா என்றேன்.

அது தானாக வாயில் வந்ததா, யோசித்துச் சொன்னதா என்று என் மனைவி கேட்டிருக்கிறாள். தானாக வந்தது என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். சலூன் படி ஏறும்போதே எனக்குத் தெரியும்.

கடைக்காரர் ரேடியோவை நிறுத்தினார். மெதுவாகச் சிரைத்தார். அவருக்கு நான் யாரென்றே தெரியாது.

அப்படியே கம்பெனிக்குப் போனேன். கேட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் தலையைப் பார்த்தார்கள், வழிவிட்டார்கள். தாதா மெஷினை நிறுத்திவிட்டு வந்து என் தோளைப் பிடித்தார். ஊருக்குப் போய்க் கொள்ளி வைத்துவிட்டு உடனே ரயில் ஏறிவிட்டேன், சொல்ல நேரமில்லை என்றேன். அதற்குள் ஏன் வந்தாய், பத்தாம் நாள் என்ன ஆவது என்று கேட்டார். வேலை போய்விடுமே என்றேன். அது மட்டும் உண்மை.

அவர் நேராக மேனேஜர் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்தது. அப்பனை எரித்துவிட்டு வந்தவனை மெஷினில் நிறுத்துவது பாவம் என்று அவர் சத்தம் போட்டது வெளியே கேட்டது. பத்தாம் நாள் முடியும் வரை லீவு கொடுத்தார்கள். நான் மூன்று நாளைச் சமாளிக்கத்தான் மொட்டை அடித்தேன். இன்னும் ஆறு நாள் கிடைத்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கக் கூடாது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

வீட்டுக்குப் போனேன். மனைவி கதவைத் திறந்தாள். என் தலையைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“யாருக்கு? மாமாவா, அத்தையா?”

யாருக்கும் இல்லை, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க என்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் கத்தவில்லை. இப்போதே தாதாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றாள். சாயங்காலம் போகிறேன் என்றேன். சாயங்காலத்துக்குள் அவர்களே வந்துவிட்டார்கள்.

துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று இங்கேயும் உண்டு. வஹினி பக்ரியும் பிட்லாவும் செய்து எடுத்து வந்திருந்தார். பக்ரி சோளமாவு ரொட்டி. பிட்லா கடலை மாவில் கிண்டுவது. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என் மனைவியைக் கட்டிக்கொண்டார். என் மனைவி அழுதாள். மாமனாருக்காக அழுகிறாள் என்று வஹினி முதுகைத் தடவிக் கொடுத்தார். நான் மொட்டைத் தலையோடு பாயில் உட்கார்ந்து தரையைப் பார்த்தேன். அப்போது என் பெண்ணுக்கு ஐந்து வயது. தாத்தாவைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது என்று அவளிடம் சொன்னோம். பொய் சொல்ல அவளுக்கு முதலில் கற்றுக் கொடுத்தது நாங்கள்தான்.

தினமும் இரண்டு வேளை சாப்பாடு வந்தது. நான் சாப்பிட்டேன். என் மனைவி வஹினி போனதும் தனியாகச் சோறு வடித்து அதைத்தான் சாப்பிட்டாள். குக்கர் விசில் சத்தம் வெளியே கேட்டுவிடும் என்று பாத்திரத்தில் வடித்தாள்.

ஊருக்குப் போக முடியாதவன் பத்தாம் நாள் காரியத்தை இங்கேயே செய்யலாம், நான் கூட வருகிறேன் என்று தாதா சொன்னார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அங்கே என் பெரியப்பா மகன் செய்கிறான் என்றேன். அங்கே அவன் செய்யட்டும், மகன் நீ ஒன்றும் செய்யாமல் இருக்கக் கூடாது என்றார். அன்றைக்குக் காலை தன் ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு இந்திராயணி ஆற்றுப் படித்துறைக்குப் போனார்.

அங்கே எங்களைப் போல நான்கைந்து கூட்டம். எனக்கு முன்னால் வந்திருந்த ஒரு பையனுக்குப் பதினெட்டு வயதுகூட இருக்காது. நிஜமாகவே அப்பாவை இழந்தவன். அவன் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். காரியம் செய்துவைக்கும் குருஜி சொன்னதையெல்லாம் செய்தேன். அப்பா பெயர் கேட்டார். சொன்னேன். தாத்தா பெயர் கேட்டார். அதையும் சொன்னேன். சோற்றை உருண்டை பிடித்து இலையில் வைத்துத் தள்ளி நின்றோம்.

நம் ஊரிலும் காக்காய்க்குச் சோறு வைப்போம். இங்கே பத்தாம் நாள் அது வேறு மாதிரி. காக்காய் வந்து அந்த உருண்டையைத் தொடும் வரை நின்று பார்ப்பார்கள். தொடாவிட்டால் செத்தவருக்கு ஏதோ மனக்குறை என்று அர்த்தம். அப்போது உறவுக்காரர்கள் முன்னால் வந்து, உங்கள் மகளுக்கு நாங்கள் கல்யாணம் செய்கிறோம், உங்கள் மாட்டை விற்கமாட்டோம் என்று ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்வார்கள். எந்த வார்த்தைக்குக் காக்காய் இறங்குகிறதோ அதுதான் குறை. அந்த வார்த்தையைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

அந்தப் பையன் வைத்ததைக் காக்காய் உடனே தொட்டது. மற்றவர்களுடையதும் போனது. என்னுடையது அப்படியே இருந்தது. காக்காய்கள் சுவர் மேல் உட்கார்ந்திருந்தன. அரை மணி ஆனது. வெயில் ஏறியது. எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. குடிக்காமல் இருந்தால் அப்படி ஆகும். துக்கத்தில் நடுங்குகிறேன் என்று தாதா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்பாவுக்கு என்ன கவலை இருந்தது, ஏதாவது சொல் என்று குருஜி கேட்டார். அந்த நேரத்தில் அப்பா ஊரில் டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

தாதா செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போனார். கை கூப்பி, என் அப்பாவையே கூப்பிட்டுப் பேசினார். என் அப்பாவை அவர் பார்த்ததே இல்லை.

“பாபா, உங்க மகன் இந்த ஊர்ல தனியா இருக்கான்னு கவலைப்படாதீங்க. இன்னையிலிருந்து அவன் என் தம்பி. அவன் என்ன பண்ணாலும் கைவிட மாட்டேன். இது என் வாக்கு.”

ஒரு காக்காய் இறங்கி வந்து இலையில் வாய் வைத்தது.

குருஜி நிம்மதியாக மூச்சு விட்டார். தாதா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு மத்தியானமே குடித்தேன்.

அடுத்த வாரம் ஊருக்கு போன் செய்தபோது என் பெண் போனைப் பிடுங்கிக்கொண்டாள். “தாத்தா, நீங்க செத்துட்டீங்களாமே?” என்று கேட்டாள். என் மனைவி சுவரில் சாய்ந்துவிட்டாள். அப்பா சிரித்தார். இன்னும் இல்லடா கண்ணு, சொல்லிட்டுத்தான் சாவேன் என்றார். பேத்தி இப்படிக் கேட்டாள் என்று தெரு முழுவதும் சொல்லிச் சிரித்தாராம்.

தாதா வாக்கைக் காப்பாற்றினார். அதுதான் இத்தனையிலும் பெரிய கொடுமை. சாக்கடை ஓரம் கிடந்த என்னைத் தூக்கி வந்தார். ஒரு தடவை இல்லை, எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. இரண்டு முறை என் வேலை போக இருந்தது. அவர் மேனேஜரிடம் கெஞ்சினார். அவர் மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் மஞ்சள் பூசும் சடங்கு. அன்றைக்கு நான் பஸ் ஸ்டாண்டில் விழுந்து மண்டை உடைந்து கிடந்தேன். யாரோ அவருக்கு போன் செய்திருக்கிறார்கள். மகளுக்கு மஞ்சள் பூச வேண்டியவர் எனக்குத் தையல் போடும் இடத்தில் நின்றார். திரும்பிப் போனபோது சடங்கு முடிந்துவிட்டது. கம்பெனியில் எல்லோரும் அவரைத் திட்டினார்கள். இந்தக் குடிகாரனை விட்டுத் தொலையுங்கள் என்றார்கள். செத்தவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்பார். அதற்கு மேல் பேசமாட்டார்.

இதற்கு நடுவில் என் அப்பா நிஜமாகவே செத்தார்.

காலை பதினோரு மணி. மெஷினில் நின்றிருந்தேன். பாக்கெட்டில் போன் அடித்தது. பெரியப்பா மகன். சொன்னான். சரி என்றேன். வைத்துவிட்டேன். தாதா பத்தடி தள்ளி நின்றிருந்தார். நான் திரும்பினால் போதும். என்ன சொல்வது? அவரும் கூட நின்று காரியம் செய்து முடித்த அப்பா ஆயிற்றே. அடுத்த பீஸை எடுத்து மாட்டினேன். ஷிப்ட் முடியும் வரை துளை போட்டேன். ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆகவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் மனைவியும் பெண்ணும் ரயில் ஏறினார்கள். தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று என் மனைவி வஹினியிடம் சொல்லிவிட்டுப் போனாள். நான் போகவில்லை. போனால் மொட்டை அடிக்க வேண்டும். திரும்பி வந்து யாருக்கு என்று சொல்வது? மீசை எடுக்காமல் இருக்க ஊரில் விடமாட்டார்கள். இதையெல்லாம் கணக்குப் போட்டுவிட்டுக் குடிக்கப் போனேன். பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். லீவு கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா, வேலைதான்பா முக்கியம், அப்பா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாரு என்றாள்.

என் மனைவி திரும்பி வந்த பிறகு ஒரே ஒரு தடவை பேசினாள். முன்னாடியே நாம காரியம் செஞ்சதாலதான் அவர் இவ்வளவு சீக்கிரம் போயிட்டாரோ என்றாள். எனக்கும் அதே எண்ணம்தான். இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை.

அதற்குப் பிறகு நாலு வருடம் குடித்தேன். எழுத ஒன்றும் இல்லை. கடைசியில் தாதாதான் என்னை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார். அங்கிருந்து வந்து மீட்டிங் போக ஆரம்பித்தேன். மூன்று வருடம் ஆகிறது. தொடவில்லை.

மீட்டிங்கில் எனக்கு வழி சொல்பவர் ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவர். பதினெட்டு வருடமாகக் குடிக்காதவர். யார் யாருக்குக் கெடுதல் செய்தாய் என்று பட்டியல் எழுதச் சொன்னார். எழுதினேன். மனைவி, பெண், அம்மா, பழைய வீட்டுக்காரர். தாதா பெயரை எழுதவில்லை. உன்னைத் தூக்கிச் சுமந்தவருக்கு நீ ஒரு கெடுதலும் செய்யவில்லையா என்று கேட்டார். பிறகு எழுதுகிறேன் என்றேன். அந்தப் பிறகு இரண்டு வருடம் நீண்டது.

மூன்று வருடம் முடிந்தால் மெடல் கொடுப்பார்கள். வீட்டு ஆட்களும் வரலாம், பேசலாம். தாதா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். அப்போது ரிட்டயர் ஆகிவிட்டார். மெடலை அவர் கையால் வாங்கினேன். அவர் மைக்கைப் பிடித்தார். படித்துறையில் நடந்ததை முதலிலிருந்து சொன்னார். காக்காய் வராமல் நின்றது, தான் வாக்குக் கொடுத்தது, காக்காய் இறங்கியது.

“நான் ஒண்ணும் செய்யல. இவனைக் காப்பாத்தினது இவன் அப்பா. மேல இருந்து பார்த்துக்கிட்டே இருந்தாரு.”

நாற்பது பேர் இருந்தார்கள். பலர் அழுதார்கள். புதிதாக வந்த ஒருவன் என் காலைத் தொட்டான். என் மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள். நான் மெடலைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குடித்துக் கிடந்த நாளில்கூட அவ்வளவு அசிங்கமாக இருந்ததில்லை.

எல்லோரும் போன பிறகு டிரைவர் வந்து, உன் அப்பா பெரிய மனுஷன் என்றார். அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தவர் அதை மறுபடி விரித்து உட்கார்ந்தார். அம்மாவிடம் சொல்லாதே, அது உன் பாரத்தை அந்த வயதான பெண் தலையில் இறக்குவது என்றார். தாதாவிடம் சொல் என்றார். அவர் உடைந்துபோவார் என்றேன். அவர் நாளைக்கு இன்னொரு கூட்டத்தில் இதையே சொல்வார், நீ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், அப்படி எத்தனை நாள் குடிக்காமல் இருப்பாய் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினேன். மனைவியும் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். நீ வர வேண்டாம் என்றேன்.

“அன்னைக்கு அழுதது நான்தான். நானும் வரேன்.”

வஹினி டீ போட்டார். தாதா மெடலை எங்கே மாட்டியிருக்கிறாய் என்று கேட்டார். நான் உட்காராமல் நின்றபடி சொன்னேன். நடுவில் நிறுத்தினால் முடிக்கமாட்டேன் என்று தெரியும். என் அப்பா அன்றைக்குச் சாகவில்லை. நான் மூன்று நாள் குடித்துவிட்டு வேலை போகாமல் இருக்க மொட்டை அடித்தேன். படித்துறையில் நீங்கள் வாக்குக் கொடுத்தபோது அவர் உயிரோடு இருந்தார். அவ்வளவுதான் சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை.

தாதா சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார். என் மனைவி முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“அப்போ நான் யாருக்கு வாக்குக் கொடுத்தேன்?”

வஹினி அடுப்பை அணைத்தார். வந்து என் மனைவி முன்னால் நின்றார்.

“நீயும் அழுதியே.”

“அது பொய் அழுகை இல்ல வஹினி. வெக்கத்துல அழுதேன்.”

“நான் என் வீட்டு வேலையை விட்டுட்டு உங்களுக்கு பக்ரி தட்டினேன். எனக்கு அப்போ ஜுரம். உன் மாமனாருக்காகன்னு தட்டினேன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “என் மகளுக்கு அப்பன் கையால மஞ்சள் இல்ல. கேட்டா, செத்தவருக்கு வாக்கு, செத்தவருக்கு வாக்கு. நானும் வாயை மூடிக்கிட்டேன். செத்தவங்க கிட்ட யாரு சண்டை போட முடியும்?”

நான் நின்றுகொண்டே இருந்தேன். திட்டட்டும் என்று இருந்தது. அவர் அதற்கு மேல் திட்டவில்லை.

தாதா தரையைப் பார்த்தபடி, நிஜமாக அவர் எப்போது போனார் என்று கேட்டார். அடுத்த வருடம், மழைக்கு முன்னால், வேலை நேரத்தில் போன் வந்தது என்றேன்.

“நான் எங்கே இருந்தேன்?”

“பக்கத்து மெஷின்ல.”

“நீ என்ன பண்ணே?”

“துளை போட்டேன்.”

அவர் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. போங்க என்று வஹினி சொன்னார். நாங்கள் வந்துவிட்டோம். தெருமுனையில் என் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்தாள். கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் தெருவில் அப்படிப் பிடித்ததில்லை.

இரண்டு மாதம் போனது. போன் செய்தால் எடுக்கவில்லை. மார்க்கெட்டில் ஒரு நாள் எதிரே வந்தார். என்னைப் பார்த்துவிட்டு ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போனார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. ஆனாலும் அன்றைக்குக் குடிக்க வேண்டும் போல இருந்தது. டிரைவருக்கு போன் செய்தேன். அவர் வந்து மூன்று மணி நேரம் என் கூட உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்தார். சொன்னது தப்போ என்று கேட்டேன். மன்னிப்பார் என்று நினைத்துச் சொன்னாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படித்தான் எல்லோரும் நினைப்பார்கள் என்றார். பிறகு ஸ்கோரைப் பார்த்தார்.

அந்த இரண்டு மாதத்தில் ஒன்று புரிந்தது. அவர் என்னிடம் ஒரு நாளும் எதையும் கேட்டதில்லை. ஒரு சிலிண்டர் தூக்கிக் கொடு என்றுகூட. கொடுப்பவராகவே இருந்தார். நான் வாங்குபவனாகவே இருந்தேன். என்னை நம்பி ஒரு வேலை கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. தோன்றும்படி நானும் நடக்கவில்லை.

போன மாதம் ஒரு நாள் போன் வந்தது. அவர்தான். நலம் விசாரிக்கவில்லை.

“செவ்வாய்க்கிழமை உனக்கு என்ன ஷிப்ட்?”

“செகண்ட் ஷிப்ட்.”

“லீவு போடு. வஹினிக்கு முட்டி ஆபரேஷன். மாப்பிள்ளை வெளியூர்ல இருக்காரு. எனக்கு ஒரு ஆள் வேணும்.”

வருகிறேன் என்றேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். லீவு எழுதும்போது காரணம் என்ற இடத்தில் அண்ணிக்கு ஆபரேஷன் என்று எழுதினேன். கை நின்றது. இது பொய்யா என்று யோசித்தேன். கூட வேலை பார்த்தவர் மனைவிக்கு ஆபரேஷன் என்று அடித்து எழுதினேன்.

காலை ஆறு மணிக்கே போய்விட்டேன். ஸ்ட்ரெச்சர் தள்ளினேன். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழும் மேலும் ஓடினேன். ஆபரேஷன் நடக்கும்போது தாதாவும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தார். முன்னால் பார்த்தபடியே பேசினார்.

“குருஜி கிட்டப் போய்க் கேட்டேன். உயிரோட இருக்கிறவருக்குக் கொடுத்த வாக்கு செல்லாதுன்னுட்டாரு.”

சரி என்றேன்.

“இனிமே உன்னை நான் தூக்கணும்னு இல்ல. விழுந்தா கிடப்பே.”

“சரி தாதா.”

“இன்னைக்குக் கூப்பிட்டது எனக்கு ஆள் வேணும்னுதான். வேற ஒண்ணும் நினைச்சுக்காதே.”

அவர் என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை. அன்றைக்கு முழுவதும் கூப்பிடவில்லை. ஆனால் டீ வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்தேன். குடித்தார்.

மத்தியானம் வஹினியை அறைக்குக் கொண்டுவந்தார்கள். தாதா நாற்காலியில் தூங்கிவிட்டார். முந்தின நாள் தூங்கியிருக்கமாட்டார். நான் கட்டில் ஓரம் நின்றிருந்தேன். வஹினி கண் திறந்தார். என்னைப் பார்த்தார். திரும்பிக்கொள்வார் என்று நினைத்தேன். திரும்பவில்லை. காலை அசைக்க முடியாததால் இருக்கலாம். தண்ணீர் கேட்டார். டாக்டர் இன்னும் கொடுக்கச் சொல்லவில்லை என்றேன். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன்.

“உன் அப்பா எப்படிச் செத்தாரு?” என்று கேட்டார்.

இந்த ஊரில் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. முதல் தடவை மாரடைப்பு என்று சொல்லியிருந்தேன். அது நான் வைத்த சாவு. நிஜச் சாவைப் பற்றி யாரும் கேட்க வழியில்லை.

“நெஞ்சு வலின்னு சொன்னாங்க.”

“யாரு பக்கத்துல இருந்தா? கடைசியா ஏதாவது கேட்டாரா?”

எனக்குத் தெரியவில்லை. ஏழு வருடம் ஆகிவிட்டது. என் மனைவி அங்கே பத்து நாள் இருந்துவிட்டு வந்தாள். அம்மாவோடு படுத்துத் தூங்கினாள். எல்லாம் கேட்டிருப்பாள். நான் அவளிடம் கேட்கவே இல்லை. குடிக்கும்போதும் கேட்கவில்லை. விட்ட பிறகும் இந்த மூன்று வருடத்தில் கேட்கவில்லை. பட்டியல் எழுதினேன், மீட்டிங்கில் பேசினேன், மெடல் வாங்கினேன். அப்பா கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

“தெரியாது வஹினி. நான் கேட்டதில்ல.”

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் முகத்தைக் காட்ட முடியவில்லை. பஞ்சுக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வா. நான் கேக்கறேன். நீயும் இங்கேயே உக்காரு.”

சரி என்றேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரைக் கொட்டிவிட்டு, எத்தனை மணிக்குப் போகணும் என்று கேட்டாள்.